மாலிக் வீட்டுச் சம்பந்தம்

அலெப்போ, 1956 ஜனவரி 19

அன்புள்ள அக்கா ஷூஷானுக்கு,

தம்பி ஸாயா எழுதுவது. உனக்கும் அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் கடவுளின் சமாதானம் உண்டாகட்டும். அப்பாவின் இருமல் நின்றதா? ஆற்றங்கரைக் குளிரில் காதைக் கட்டிக்கொள்ளாமல் அவரைத் திரிய விடாதே. நான் உடம்பளவில் சௌக்கியம். மனசுதான் ஒரு நிலையில் இல்லை.

இங்கே நஸ்ரல்லா என்று ஒரு சோப்பு வியாபாரி, எல்லோரும் மரியாதையாகக் கவாஜா என்பார்கள். பெரிய கை. அவர் வீட்டு ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போதே தொண்டை கட்டிக்கொண்டது என்று எங்கள் கடைக்கு ஆள் வந்தது. முதலாளி என்னை அனுப்பினார். ஒரு வால்வு போயிருந்தது, கால் மணி நேர வேலை. நான் அதை இரண்டு மாதமாகப் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்கமாட்டாயா? அவருக்கு ஒரு மகள். பெயர் நஜ்லா.

போன வாரம் கவாஜா என்னிடம், "நீ யாரு வீட்டுப் பிள்ளை தம்பி?" என்று கேட்டார். "மாலிக் வர்தாவோட மகன்" என்றேன். நாம் ஊரில் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். மனுஷன் காபிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "மலை அசீரியர்களோட மாலிக்கா? ராஜவம்சமா? அட, முதல்லயே சொல்லக்கூடாதா நீங்க!" அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு 'நீங்க' தான். அரபியில் மாலிக் என்றால் நேராகச் சிம்மாசனம்தானே அக்கா. இவருக்குப் பட்டம் பதவி என்றால் உயிர். எந்தக் காலத்திலோ ஒரு வெளிநாட்டுக் கான்சல் கொடுத்த பதக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்.

நான் பொய் சொல்லவில்லை. "நிஜமான ராஜாவா?" என்று அவர் கேட்டபோது நான் தலையை ஆட்டவில்லை. மறுக்கவும் இல்லை. ரேடியோவின் பின்பலகையைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் நல்ல போட்டோ ஒன்று இருந்தால் அனுப்பு. அவருக்கு இது எதுவும் தெரிய வேண்டாம்.

உன் பாசமுள்ள தம்பி,
ஸாயா

*

தெல் கூனா, பிப்ரவரி 5

என் தம்பி, இளவரசர் ஸாயா அவர்களுக்கு,

அக்கா ஷூஷான் குனிந்து வணங்கி எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். பிள்ளைகளுக்குச் சளி, கழுதைக்குக் கால் வீக்கம். அப்பாவின் இருமல் போய்விட்டது, பிடிவாதம் மட்டும் இருக்கிறது.

உன் மகாராஜா இன்று செய்த ராஜ காரியங்களைக் கேள். விடியும் முன்பே கம்மோ வந்து கதவைத் தட்டினான். ஓராஹா தன் முறைக்கு முன்பே வயல் தண்ணீர்ப் பம்பை ஓட்டிவிட்டானாம். மகாராஜா முழங்கால் வரை சேற்றில் இறங்கி வாய்க்காலைப் பார்த்தார். மத்தியானம் இரண்டு பேரையும் நம் வீட்டுக்குக் கூப்பிட்டு வந்து, கைக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரே தட்டில் சாப்பிட வைத்தார். அவர்கள் போன பிறகு மிச்சமிருந்த கோதுமைக் கஞ்சியைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இதுதான் சிம்மாசனம்.

ஏண்டா, மாலிக் என்றால் நம் ஊரில் என்னவென்று உனக்கு மறந்தா போயிற்று? சண்டை வந்தால் முதலில் எழுப்பப்படுகிறவர், சாப்பாடு வந்தால் கடைசியில் உட்காருகிறவர். மலையில் நம் கொள்ளுத் தாத்தாவுக்கு யார் முடிசூட்டினார்கள்? பகையாளியாக இருந்த இரண்டு வீட்டுக்காரர்களும் வேறு யாரையும் நம்பமாட்டோம், அவர் சொன்னால் கேட்கிறோம் என்றார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பட்டம். அதை வைத்துக்கொண்டு நீ அலெப்போவில் பெண் பார்க்கிறாய்!

போட்டோ ஒன்றுதான் இருக்கிறது. அதில் அப்பா தோளில் ஆட்டுக்குட்டியோடு நிற்கிறார். அனுப்பியிருக்கிறேன். கவாஜாவிடம் காட்டிவிடாதே, அந்தப் பெண்ணிடம் காட்டு. அவள் சிரித்தால் நல்ல பெண். முகம் சுளித்தால் ரேடியோவைச் சரிபண்ணிவிட்டு வீட்டுக்கு வா.

உன் அக்கா,
ஷூஷான்

*

அலெப்போ, மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வீட்டில் எல்லோருக்கும் சமாதானம். பிள்ளைகளின் சளியும் கழுதையின் காலும் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

நஜ்லா சிரித்தாள். சிரித்துவிட்டு, "இவர் தோள்ல ஆடு சொகமா தூங்குது பாரு" என்றாள். போட்டோவைத் திருப்பித் தரமாட்டேன் என்கிறாள்.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். நம் கோவில் பள்ளிக்கூடத்து ராபி பெத்ரோஸிடம் போய் இந்தப் பட்டத்தின் பூர்வீகத்தைக் கேட்டேன். வாத்தியாருக்கு ஒரே குஷி, மூன்று புத்தகத்தை இறக்கிவிட்டார். நினிவேயில் ஆண்ட மகா சக்கரவர்த்திகள் இருந்தார்களே, அவர்களுக்குக் களிமண் பலகைகளில் எழுதிய பட்டம் வேறாம், ஷர்ரு என்பதாம். மல்கு என்று அவர்கள் எழுதியது பெரும்பாலும் பக்கத்துச் சின்னச் சின்னத் தேசத்து அதிபதிகளையாம். அந்தச் சொல்லின் குடும்பத்திலேயே ஆலோசனை, புத்திமதி என்கிற பொருளும் உண்டாம். நம் அராமிய மொழி பேசியவர்கள்தான் மல்கா என்று சொல்லி அதைச் சிம்மாசனத்தில் ஏற்றியது. பிறகு பாரசீகக்காரன் 'ராஜாதி ராஜா' என்று எழுதவும் அதையே எடுத்துக்கொண்டான். ராஜா என்ற பொருள் முந்தியதா, ஆலோசனை என்ற பொருள் முந்தியதா என்று படித்தவர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லையாம். ஆக, ஆலோசனை சொல்கிறவரும் மாலிக், ராஜாவும் மாலிக். நான் சொன்னது எப்படிப் பொய்யாகும்?

இதை ராபியிடமே கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "யாரை ஏமாத்திக்கிட்டு இருக்க ஸாயா?" என்றார்.

பாஸ்கா பண்டிகை முடிந்ததும் கவாஜா மகளைக் கூட்டிக்கொண்டு நம் ஊருக்கு வரப்போகிறார், அக்கா. அரண்மனையைப் பார்க்க வேண்டுமாம். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை கூட வரக்கூடாதாம், அது அவர்கள் குலவழக்கம். உன் காலில் விழுகிறேன். கோழிகளை அடைத்து வை. எங்கேயாவது ஒரு கம்பளம் வாங்கி விரி. அப்பாவை ஒரு நாற்காலியில் உட்கார வை. ஒரே ஒரு நாள் அவர் எழுந்திருக்காமல் இருந்தால் போதும். நஜ்லா இல்லாமல் என்னால் இருக்க முடியாது அக்கா, இதை விளையாட்டாக எழுதவில்லை.

ஸாயா

*

தெல் கூனா, மார்ச் 24

தம்பி ஸாயாவுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். பனி உருகி ஆறு நிறையப் போகிறது.

அப்பாவை ஒரு நாள் எழுந்திருக்காமல் உட்கார வைக்க வேண்டுமா? அம்மா செத்த அன்றைக்குக்கூட அவர் உட்காரவில்லை, துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். உன் புத்தி எங்கே போயிற்று?

பொய்க்கு நான் துணை நிற்கமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உன் முதல் கடிதம் போல இதுவும் நேரே என் கைக்கு வந்ததா? ஹசக்கே பஸ் டிரைவர் கம்மோவிடம் கொடுத்தான். இந்த ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் மாலிக் வீட்டு முற்றத்தில் வைத்து உரக்க வாசிக்கிற வழக்கம் உனக்குத் தெரியாதா? நான் மாட்டுக் கொட்டிலில் இருந்தேன். வருவதற்குள் கம்மோ பாதிக் கடிதத்தை ஊருக்கு வாசித்து முடித்துவிட்டான். 'நினிவே'யை எழுத்துக்கூட்டிக் கூட்டி அப்படி ஒரு அழகு!

ஊருக்கு ஒரே கொண்டாட்டம். "நம்ம ஸாயாவுக்காக இது கூடச் செய்யமாட்டோமா?" என்கிறார்கள். கம்மோ கம்பளம் தருகிறானாம். கஷா, கோவிலில் பிஷப் வந்தால் போடுகிற பெரிய நாற்காலியைத் தருகிறாராம், பாதிரியாரே இப்படி! ஓராஹா தன் கல்யாணத்து இடுப்புக் கச்சையைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

அப்பா அப்போது பம்பில் இருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ராத்திரி என்னிடம், அலெப்போக்காரர்கள் ஆற்று மீன் சாப்பிடுவார்களா என்று மட்டும் கேட்டார்.

ஷூஷான்

*

அலெப்போ, ஏப்ரல் 27

மதிப்புக்குரிய சகோதரி ஷூஷான் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் அப்பாவும் நலமா? இங்கே எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். ரேடியோவும் நலம்தான், அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

நான் நஜ்லா. மே 10 வாக்கில் வருகிறோம். ஒன்று சொல்ல வேண்டும். ஸாயா எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் ராஜகுமாரனைப் பார்த்து ஆசைப்படவில்லை, ரேடியோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு எங்கள் சமையல்காரியின் கதைகளுக்கெல்லாம் 'ம்' கொட்டிய ஆளைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டேன். உண்மையை அப்பாவிடம் சொல்லிவிடு என்று அவரோடு சண்டைகூடப் போட்டேன். நாளைக்கு, நாளைக்கு என்கிறார். பயந்தாங்கொள்ளி.

என் அப்பா கெட்டவர் இல்லை. அம்மா போன பிறகு நான் ஒருத்திதான் அவருக்கு. எனக்குக் குறைவாக எதுவும் கிடைத்துவிடக்கூடாது என்ற பயம்தான் பட்டம் பட்டம் என்று அலைய வைக்கிறது. தயவுசெய்து அரண்மனை எதுவும் கட்டிவிடாதீர்கள். பிறகு அதைக் கூட்டிப் பெருக்குவது நானாகத்தான் இருக்கும்.

அன்புடன்,
நஜ்லா

*

தெல் கூனா, மே 14

தம்பி ஸாயாவுக்கு,

எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

விருந்தாளிகள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். மீன் நன்றாக அமைந்தது. பெண் தங்கமான பெண்.

ஷூஷான்

*

அலெப்போ, மே 21

அக்கா!

சமாதானம், சுகம் எல்லாம் இருக்கட்டும். என்ன நடந்தது அங்கே? மீனைப் பற்றி எழுதியிருக்கிறாயே, உனக்கு மனசாட்சி இருக்கிறதா?

கவாஜா ஊருக்குத் திரும்பிய நாளிலிருந்து என்னை வீட்டுக்குள் விடவில்லை. கடைக்கு ஆள் அனுப்பி, 'எங்க ரேடியோவுக்கு இனிமே வேற ஆள் வரட்டும்' என்று சொல்லிவிட்டார். நஜ்லாவை வெளியே காணவில்லை. அவர்கள் சமையல்காரியை ரொட்டிக் கடையில் பிடித்துக் கேட்டேன். "அய்யா ராத்திரியெல்லாம் நடக்கறார், தம்பி. 'அரை லிரா, அரை லிரா'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கறார்" என்றாள். என்ன அரை லிரா? யாருக்கு? எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு நாளாக நான் சரிபண்ணுகிற ரேடியோ ஒன்றுகூடப் பேசமாட்டேன் என்கிறது.

எதையும் மறைக்காமல் எழுது.

ஸாயா

*

தெல் கூனா, மே 29

தம்பி ஸாயாவுக்கு,

முதலில் சாப்பிடு. நாங்கள் எல்லோரும் சுகம். போன கடிதத்தை அவ்வளவு சின்னதாக எழுதியது நானாக எழுதியது இல்லை. "விருந்தாளி நம்ம வீட்டுல பட்ட சங்கடம் நம்ம வாசப்படி தாண்டக்கூடாது" என்று அப்பா சொல்லிவிட்டார். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அவனுக்கு மட்டும் சொல்லு. அவன் பண்ணினதுதானே" என்றார்.

கார் வந்து நின்றபோது அப்பா வாய்க்காலில் இருந்தார். அடைப்பை எடுத்துவிட்டு வருகிறேன், நீ மீனைப் பார்த்துக்கொள் என்று போயிருந்தார். முற்றத்தில் கம்மோவின் கம்பளம், அதன்மேல் பிஷப் நாற்காலி. ஓராஹா வேடிக்கை பார்க்க வந்தவன்தான். மீசைக்கு வெண்ணெய் தடவி, கச்சை கட்டி, கால் வலிக்கிறது என்று அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தான். கவாஜா உள்ளே வந்தார், மீசையைப் பார்த்தார், அப்படியே குனிந்து வணங்கினார்.

"மாட்சிமை தங்கிய மாலிக் அவர்களே! உங்க மகனைப் பத்திப் பேசத்தான் வந்திருக்கேன்."

ஓராஹாவுக்கு வருகிற அரபி உனக்குத் தெரியும். "கடவுள் சித்தம்" என்றான்.

"உங்க ஆளுகையில எத்தனை கிராமம்?"

"கடவுள் சித்தம்."

"என்ன ஒரு அடக்கம்!" என்று கவாஜா மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். போட்டோவைப் பார்த்தவள் இல்லையா, இது அவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் அப்பா வந்தார், கால்சட்டை முழங்கால் வரை ஈரம். வழக்கம் போல ஜாடியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு நேரே விருந்தாளியிடம் போனார். கைக்குத் தண்ணீர் ஊற்றினார். கவாஜா கையைத் துடைத்துக்கொண்டு, அரை லிராவை எடுத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்து, "வச்சுக்க பெரியவரே" என்றார். கஷா வாயைத் திறந்தார். அப்பா கண்ணாலேயே அவரை அடக்கினார். "கடவுள் உங்களுக்கு நிறையக் குடுக்கட்டும்" என்று சொல்லிக் காசைப் பையில் போட்டுக்கொண்டார். இத்தனை பேர் முன்னால் 'நான்தான் மாலிக்' என்று சொன்னால் அந்த மனுஷன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

சாப்பாடும் அப்படியே முடிந்திருக்கும். கவாஜா ஓராஹாவின் காதில், "உங்க வேலைக்காரர் தங்கம். என் பண்டகசாலைக்குக் குடுக்கறீங்களா?" என்றுகூடக் கேட்டாயிற்று. ஆனால் கம்மோவுக்கு வயிறு எரிந்தது. தன் கம்பளத்தின்மேல் ஓராஹா ராஜாவாக உட்கார்ந்து மீனின் நடுத்துண்டைத் தின்பதா?

"நாக்காலியில உக்காந்துட்டா பம்பு முறையும் உனக்கு வந்துருமாடா?"

"போன செவ்வாக்கிழமை என் தண்ணியத் திருடினவன் பேசறான் பாரு!"

"யாரு திருடன்? உன் மீசையில இருக்கற வெண்ணெயே என் வீட்டு வெண்ணெய்!"

இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள். நாற்காலி கவிழ்ந்தது. ஒருவன் சட்டையை ஒருவன் பிடித்துக்கொண்டு, வழக்கம் போலவே இரண்டு பேருமாகத் திரும்பி, ஜாடியோடு நின்றவரைப் பார்த்துக் கத்தினார்கள்: "மாலிக், நீங்க சொல்லுங்க!"

கவாஜா ஓராஹாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார், ஸாயா.

அப்பா ஜாடியைக் கீழே வைத்தார். "விருந்தாளி சாப்பிட்டு முடிக்கறதுக்குள்ள இன்னொரு தடவை எவன் சத்தம் போட்டாலும், அவன் முறைத் தண்ணி கவாஜாவுக்கு."

"அவருக்கு இங்க வயலே இல்லையே மாலிக்" என்றான் கம்மோ.

"அதான் சொல்றேன். ஆத்தோட போயிரும்."

ஊரே சிரித்தது. அவர்கள் இரண்டு பேரும் ஒரு தட்டில் உட்கார்ந்தார்கள். எல்லோரும் முடித்த பிறகு அப்பா உட்கார்ந்து மீன் தலையைச் சாப்பிட்டார். கவாஜா கையில் எடுத்த ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. மரியாதையாக விடைபெற்றார். அப்பா கார் கதவைத் திறந்துவிட்டார். கவாஜா நிமிர்ந்தே பார்க்கவில்லை.

நஜ்லா என்னோடு பாத்திரம் கழுவினாள். அழுதுகொண்டே சிரித்தாள். உண்மையைச் சொல்லிவிடு என்ற அவள் பேச்சை நீ முன்பே கேட்டிருக்கலாம்.

உன் அக்கா,
ஷூஷான்

*

அலெப்போ, ஜூன் 6

தெல் கூனா மாலிக் வர்தா அவர்களின் சமூகத்துக்கு,

சோப்பு வியாபாரி நஸ்ரல்லா எழுதும் விண்ணப்பம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமுடன் இருக்க இறைவனை வேண்டுகிறேன். தங்கள் வீட்டு உப்பைத் தின்றவன் என்பதால் மரியாதையோடு எழுதுகிறேன். ஆனால் நான் எழுதுவது ஒரு வழக்கு.

எதிராளி தங்கள் மகன் ஸாயா. ரேடியோ பழுது பார்க்க வந்தவன், நான் அவனை ராஜகுமாரன் என்று நினைத்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தான். நான் அவனுக்கு எழுந்து நின்றேன். என் சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். கடைசியில் தங்கள் வீட்டில், தங்கள் கையிலேயே, நான் அரை லிரா வைத்தேன். அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் மகள் என்னோடு பேசுவதில்லை. 'அவர் செய்தது தப்புதான், ஆனா நீங்க கேட்டதும் தப்பான கேள்விதான்' என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். யார் பக்கம் நியாயம் என்று கேட்க எனக்கு இந்த ஊரில் ஆளில்லை. ஒன்று என் சொந்தக்காரர்கள், இல்லாவிட்டால் என் போட்டிக்காரர்கள். சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தங்களைப் பார்த்ததும் அடங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அதனால் தங்களிடமே வருகிறேன். மகன் என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியுமானால் சொல்லுங்கள். முடியாவிட்டால் பதில் வேண்டாம், எனக்குப் புரிந்துவிடும்.

இப்படிக்கு,
நஸ்ரல்லா

*

தெல் கூனா, ஜூன் 15

கவாஜா நஸ்ரல்லா அவர்களுக்கு,

வர்தா எழுதுவது. உங்களுக்கும் உங்கள் மகளுக்கும் சமாதானம். இங்கே அறுவடை நடக்கிறது, அதனால் பதில் தாமதம். மன்னிக்கவும்.

எதிராளி என் மகன் என்பதால் கஷாவைக் கேட்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். நீங்கள் என்னைத்தான் கேட்டீர்கள். கேட்டவருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது.

ஸாயா வாயால் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் நினைப்பு தவறு என்று தெரிந்தும் அதை வளரவிட்டு, அதன் லாபத்தை எடுத்துக்கொண்டான். தப்பு அவனுடையது. கம்மோ முற்றத்தில் கடிதம் வாசித்த அன்றே எனக்கும் விஷயம் தெரியும். பம்படியில் நின்றால் காது கேட்காது என்று என் மகள் நினைக்கிறாள். பையன் தானே திருத்திக்கொள்வான் என்று காத்திருந்தேன். அந்தக் காத்திருப்புக்கு நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் என் கையில் வைத்ததில் தப்பே இல்லை. வேலை செய்தவனுக்குக் கொடுத்தீர்கள், அவ்வளவுதான். நிம்மதியாகத் தூங்குங்கள்.

தீர்ப்பு இது. ஸாயா உங்கள் வாசலுக்கு மறுபடி வர வேண்டும். என் பெயரைச் சொல்லக்கூடாது, என் பட்டத்தைச் சொல்லக்கூடாது. தான் யார், என்ன வேலை, என்ன கூலி என்று மட்டும் சொல்லிப் பெண் கேட்க வேண்டும். நீங்கள் மாட்டேன் என்றால் அதோடு முடிந்தது. அவன் உங்கள் தெருவில் அப்புறம் கால் வைக்கமாட்டான். நானே வந்து அவனை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அவனுக்கும் இதை எழுதிவிட்டேன்.

உங்கள் மகள் நன்றாகச் சிரிக்கிறாள். அவளைக் கேட்டதாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஹரீசா, அந்தக் கோதுமைக் கஞ்சி, எப்போதும் மிச்சம் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

வர்தா

*

அலெப்போ, ஜூன் 25

என் அக்கா ஷூஷானுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் கம்மோவுக்கும் ஓராஹாவுக்கும் சமாதானம். நான் சுகம்.

அப்பாவின் கடிதம் வந்ததும் ஒரு நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தேன். பெற்ற அப்பா எனக்கு எதிராகத் தீர்ப்பு எழுதிவிட்டாரே என்று கோபம்கூட வந்தது. அப்புறம் எழுந்து, குளித்து, வேலைச் சட்டையையே போட்டுக்கொண்டு போனேன். கதவைக் கவாஜாவே திறந்தார்.

"யாரு?"

"ஸாயா."

"எந்த ஸாயா?"

"ரேடியோ ரிப்பேர் பண்றவன், அய்யா. வாரக் கூலி. வாடகை ரூம். பட்டம் எதுவும் கிடையாது. நீங்க தப்பா நினைச்சப்ப நான் சொல்லாம இருந்தேன். அது தப்பு. உங்க மக நஜ்லாவைக் கல்யாணம் பண்ணித் தருவீங்களான்னு கேக்க வந்திருக்கேன்."

அவர் உள்ளே கூப்பிடவில்லை. வாசலிலேயே என்னை நிற்க வைத்துவிட்டு மேலும் கீழும் பார்த்தார். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"மாட்டேன்னு சொல்றதுக்குத்தான் ஒரு வாரமா ஒத்திகை பாத்துக்கிட்டிருந்தேன்" என்றார். "நல்லாவே சொல்ல வந்துருச்சு. கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, ஊருக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து அப்பாவின் கடிதத்தை எடுத்தார். மடித்து மடித்து விளிம்பெல்லாம் கிழிந்திருந்தது.

"இங்க பாரு. பெத்த பிள்ளைமேலயே தீர்ப்பு எழுதி, அதை வழக்குப் போட்டவன் கையில குடுக்கற மனுஷனை நான் என் வயசுக்குப் பாத்ததில்ல. என் பொண்ணுக்கு ஒரு குறையும் வரக்கூடாதுன்னுதான் ராஜா வீடு தேடினேன். ராஜா வீட்டுல அவளுக்கு ஒரு அநியாயம் நடந்தா யாருகிட்டப் போய்ச் சொல்லுவா? ராஜா தன் பிள்ளை பக்கம்தானே பேசுவான்? நாளைக்கு உனக்கும் அவளுக்கும் சண்டை வரும். வராம இருக்காது, அவ என் மக. அப்ப அவ நேரா அந்த ஆத்தங்கரைக்குப் போவா. அங்க அவளுக்கு நியாயம் கிடைக்கும். உன்னை நம்பி நான் பொண்ணு தரலடா. உனக்கு எதிரா அவர் சொல்லப்போற தீர்ப்பை நம்பித் தர்றேன். உள்ள வா."

மறுபடி 'நீ', 'டா' ஆகிவிட்டேன். அந்த 'டா'வைக் கேட்டதும் அந்த வாசலிலேயே அழுதுவிட்டேன். தெருவில் போன ஒரு தயிர்க்காரன், யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டான்.

மேலே ஜன்னல் திறந்தது. நஜ்லா தலையை நீட்டி, "மாலிக்குக்கு எழுதுங்க, ரேடியோக்காரரே. இத்தனை மாசமா என்னைக் காக்க வச்சதுக்கு என் முதல் வழக்கு தயார்!" என்று கத்தினாள்.

அப்பாவிடம் சொல்லிவிடு. அறுவடை முடிந்ததும் கவாஜா வருகிறார், நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்க. குலவழக்கத்தை இந்தத் தடவை கவாஜாவே விட்டுவிட்டார், நான் நஜ்லாவோடு பின்னால் உட்கார்ந்து வருவேன். அந்த வழக்கில் எனக்காகப் பேச ஒரே ஒரு ஆள் வேண்டும், நீ பேசுவாயா அக்கா?

உன் தம்பி,
ஸாயா